போர்டில் ஒன்று குறைகிறது

‘புகை பிடிக்காதீர்’ என்ற வாசகத்தை என் வாழ்நாளில் ஒரு நாலாயிரம் தடவை எழுதியிருப்பேன். அதில் பாதியை வாயில் சிகரெட்டோடுதான் எழுதினேன். போர்டு எழுதுகிறவனுக்கு இரண்டு கையும் வேலையில் இருக்கும். ஒரு கையில் தூரிகை, இன்னொரு கையில் அந்தக் கை ஆடாமல் தாங்கிக்கொள்ளும் குச்சி. சும்மா இருப்பது வாய் மட்டும்தான். அதற்கும் ஒரு வேலை கொடுத்து வைத்திருந்தேன். என் பழைய போர்டுகளைக் கிட்டப் போய்ப் பார்த்தால், எழுத்துகளில் அங்கங்கே சாம்பல் துணுக்கு ஒட்டிக் காய்ந்திருப்பது தெரியும். யாரும் பார்த்ததில்லை. அந்த வாசகத்தை யார் கிட்டப் போய்ப் படிக்கிறார்கள்?

முப்பத்திரண்டு வருடம் இப்படி எழுதிய பிறகு நாக்கின் இடது ஓரத்தில் ஒரு புண் வந்தது. பல் குத்துகிறது என்று சொல்லிப் பல்லைப் பிடுங்கிக்கொண்டேன். பல் போனதை அந்தப் புண் பொருட்படுத்தவே இல்லை. கடைசியில் அதில் ஒரு துளி கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த மறுநாள், நானும் மனைவியும் புற்றுநோய் மருத்துவமனை வாசலில் நின்றோம்.

அந்த மருத்துவமனையில் நோயை விசாரிப்பதற்கு முன்னால் பழக்கத்தை விசாரிப்பார்கள். அதற்கென்று வாசலை ஒட்டி ஒரு தனிக் கட்டிடம், ‘புகையிலை விடுதலைப் பிரிவு’. முதல் மேஜையில் ஒரு எழுத்தர் உட்கார்ந்திருந்தார்.

“புகைப் பழக்கம்?” என்று தலையைத் தூக்காமலே கேட்டார்.

பக்கத்தில் மனைவி நின்றாள். முடிவு வந்ததிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

“விட்டுட்டேங்க.”

“எப்ப?”

“இப்பத்தான்.”

அது முழுப் பொய் இல்லை. வேலி ஓரமாகச் செருப்பில் நசுக்கி ஐந்து நிமிஷம்தான் ஆகியிருந்தது.

எழுத்தர் ‘விட்டார்’ என்று எழுதினார். என் கோப்பின் மேல் ஒரு பச்சை ஸ்டிக்கரை ஒட்டி, கட்டைவிரலால் நன்றாகத் தேய்த்தார். பிறகு மேஜை மணியைத் தட்டினார். உள்ளேயிருந்து பிரிவுத் தலைவர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தார்.

“வாழ்த்துகள்! நீங்க ஆயிரத்து எண்ணூத்து நாப்பத்தேழாவது ஆள். இதுவரைக்கும் வந்தவங்க அத்தனை பேரும் விட்டுட்டாங்க. நூறு சதவீதம்!”

“அவ்வளவு பேரும் எப்படிங்க விட்டாங்க?” என்று மனைவி ஆச்சரியமாகக் கேட்டாள். அவளுக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது.

“கேட்டோம்மா. விட்டுட்டேன்னாங்க. எழுதிக்கிட்டோம்.”

நான் போர்டு எழுதுகிறவன் என்று தெரிந்ததும் தலைவருக்கு இன்னும் சந்தோஷம். கட்டிட முகப்பில் ஆள் உயரத்துக்கு ஒரு நீலப் போர்டு. ‘புகையிலையை விட்டவர்கள்’ என்று மேலே. கீழே எண்ணிக்கை. மாதா மாதம் முதல் தேதி எல்லாரும் கூடி நின்று, கைதட்டி, புதிய எண்ணை எழுத வைப்பார்களாம்.

“எங்க ஆர்ட்டிஸ்ட் போன மாசம் தவறிட்டார். அவரும் இங்க வைத்தியம் பார்த்தவர்தான். பதினாலாவது ஆள்” என்றார் தலைவர்.

“அப்ப அவர் எண்ணிக்கையிலேருந்து…”

“எடுக்கறதில்ல. சொல்லப்போனா போனவங்கதான் நம்ம உறுதியான வெற்றி. திரும்ப ஆரம்பிக்க வழியே இல்ல பாருங்க.”

அந்தப் போர்டுக்கு ஒரு பெருமை இருந்தது. ஒரு பெருமழையில் கூரை ஒழுகிக் கோப்பெல்லாம் நனைந்து எழுத்துகள் கரைந்துவிட்டன. போர்டில் எழுதிய எண் மட்டும் அசையவில்லை. அன்றிலிருந்து ஒரு விதி போட்டுவிட்டார்களாம். கோப்பும் போர்டும் முரண்பட்டால் போர்டுதான் சரி, கோப்பைத் திருத்த வேண்டும். எழுத்தர் இதைச் சொன்னபோது எனக்குப் பூரிப்பாக இருந்தது. எங்கள் தொழிலுக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த இடத்தை நான் பார்த்ததே இல்லை. அந்தப் பூரிப்பில் வேலையை ஒப்புக்கொண்டேன். பொய் சொன்னவனே பொய்யை எழுதவும் போகிறான் என்பது மண்டையில் ஏறச் சில நாள் ஆயிற்று.

அறுவை மருத்துவர் ஒரு அம்மா. பேச்சில் அநாவசியம் கிடையாது.

“முதல்ல மூணு தடவை மருந்து ஏத்தி இதைச் சுருக்கப் பார்ப்போம். அப்புறம் நாக்குல இந்தப் பக்கத்தை வெட்டி எடுத்துட்டு, உங்க முன்னங்கைத் தோலை வச்சுத் தைப்பேன். எந்தக் கையால எழுதுவீங்க?”

“வலதுங்க.”

“அப்ப இடது கைல எடுத்துக்கறேன். அந்தத் தோலுக்கு ரத்தம் ஓடணும். ஓடினாத்தான் பிழைக்கும். புகை இருந்தா ரத்தக்குழாய் சுருங்கிடும், தோல் கறுத்துப் போகும், தையலைப் பிரிச்சு மறுபடியும் உங்களை மேஜையில படுக்க வைக்கணும். அதனால கத்தி வைக்கறதுக்கு முன்னால நாலு வாரம் ஒரு இழுப்புகூடக் கூடாது.” அவர் கோப்பைத் திருப்பினார். பச்சையைப் பார்த்தார். “ஓ, விட்டாச்சா. நல்லது, அந்தக் கவலை இல்ல.”

அந்தக் கவலையை நான் மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். எனக்கு மன உறுதி அதிகம் என்று எனக்கு ஒரு எண்ணம். அன்று மாலையே பாக்கெட்டைப் பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் வெயில் மறைப்பின் மேல் வீசி எறிந்தேன். கைக்கு எட்டாத உயரம். மறுநாள் விடிந்ததும் ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. நான் ஏணி வைத்துப் பிழைக்கிறவன். ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாத்தி, ஏறி, ஒன்றை எடுத்துக்கொண்டு பாக்கெட்டைத் திரும்ப அங்கேயே வைத்துவிட்டு இறங்கினேன். திரும்ப வைத்ததில் ஒரு கட்டுப்பாடு இருப்பதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தீர்ந்தால் புதுப் பாக்கெட்டை அங்கேயே வைத்து, அடுத்த ஆறு வாரமும் தினம் மூன்று முறை ஏறி இறங்கினேன். மருந்து ஏற்றிய உடம்பில் அவ்வளவு தூரம் ஏறியதற்கு யாராவது பாராட்டியிருக்கலாம்.

மருத்துவமனைக்குப் போகும் நாட்களில் ஏணி தேவைப்படவில்லை. கட்டிடத்துக்குப் பின்னால் ஜெனரேட்டர் அறை இருக்கிறது. அதன் சத்தத்தில் இருமினாலும் வெளியே கேட்காது. முதல் தடவை அங்கே எட்டிப் பார்த்தபோது ஏற்கெனவே ஒன்பது பேர் இருந்தார்கள். ஒருவர் மருந்து பாட்டில் தொங்கும் கம்பியையும் உருட்டிக்கொண்டே வந்திருந்தார். ஒன்பது பேர் கையிலும் பச்சை ஸ்டிக்கர் கோப்பு. சுவரில் ஒரு அறிவிப்பு. அதுவும் நான் முன்பு எழுதியதுதான்.

அங்கே ஒரு கணக்கு டீச்சர் உண்டு. ஓய்வு பெற்றவர். புகைக்க மாட்டார், புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வார். அந்தக் கன்னத்துக்குத்தான் வைத்தியமும் நடந்தது.

“நூறு சதவீதத்துல பாதிப் பேர் இங்கதான் இருக்காங்க. மீதிப் பாதி எங்கன்னு கேக்காதீங்க. காலையில வந்துட்டுப் போயிடறாங்க” என்றார்.

இரண்டாவது மருந்து ஏறி முடிந்தபோது எனக்குப் பயம் வந்துவிட்டது. கண்ணாடியில் இடது முன்னங்கையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இந்தத் தோலை உரித்து வாயில் வைத்துத் தைப்பார்கள், நான் அதற்குப் புகை போட்டுக் கறுக்க வைப்பேன். இதைத் தனியாகச் செய்ய எனக்குத் துப்பில்லை என்பதை ஒருவழியாக ஒப்புக்கொண்டு ஆலோசகர் அறைக்குப் போனேன்.

அறை அழகாக இருந்தது. நாற்காலிகளின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. ஆலோசகர் ஒரு பெண். ஒரு தடிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தார்.

“வழி தெரியாம வந்துட்டீங்களா சார்? எக்ஸ்ரே எதிர்ப்பக்கம்.”

“இல்லம்மா. நான் இன்னும் சிகரெட் குடிக்கிறேன். விட முடியல. எனக்கு உதவி பண்ணுங்க.”

அவர் எழுந்தே விட்டார். இரண்டு வருடமாக இந்த வார்த்தையை யாராவது சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்த முகம். பிறகு என் கோப்பைப் பார்த்தார். மெதுவாக உட்கார்ந்தார்.

“உங்களுக்குப் பச்சை சார்.”

“ஆமாம்மா. ஆனா பொய்ப் பச்சை.”

“பச்சைக்கு நான் ஆலோசனை சொல்லக் கூடாது. சிவப்புக்குத்தான் சொல்லணும். மாத்திரையும் சிவப்புக்குத்தான்.” அலமாரியைத் திறந்து காட்டினார். மாத்திரை அட்டைகள் வரிசை வரிசையாக நின்றன. “இதெல்லாம் இன்னும் நாலு மாசத்துல தேதி முடியுது. பார்க்கப் பார்க்க வயிறு எரியுது.”

“சிவப்பு ஸ்டிக்கர் எங்க கிடைக்கும்?”

“அச்சடிக்கவே இல்ல. தேவைப்படாதுன்னு சொல்லிட்டாங்க.”

எழுத்தரிடம் போனேன். பச்சையை எடுக்க ஒரு படிவம் இருப்பதாகச் சொன்னார். யாரும் இதுவரை கேட்டதில்லையாம்.

“ரெண்டு சாட்சி வேணும். நீங்க வளாகத்துக்குள்ள புகைக்கறதைக் கண்ணால பார்த்தவங்க.”

“அங்க இருக்கறவங்களும் குடிச்சுக்கிட்டுத்தானே இருப்பாங்க?”

“அப்ப அவங்க சாட்சி செல்லாது. வளாகத்துக்குள்ள புகைச்சவங்க வளாகத்துக்குள்ள வரக் கூடாதுன்னு விதி. படிவத்தை ஏத்துக்கிட்டா உங்களுக்கும் அதேதான். அப்புறம் வைத்தியத்துக்கு நீங்க உள்ள வர முடியாது.”

“அப்ப வீட்டுல குடிக்கிறேன்னு எழுதிக்கங்க.”

“வீட்டுல நடக்கறது எங்களுக்கு எப்படிங்க தெரியும்? தெரியாததை எழுதினா பொய்யா எழுதின மாதிரி ஆயிடும்” என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகம் நிஜமாகவே வாடியது.

தலைவரையே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். அவர் அறையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள், வெல்வெட் துணி மேல், ஒரு சின்னக் கருவி இருந்தது. அதில் மூச்சை ஊதினால் உள்ளே எவ்வளவு புகை போயிருக்கிறது என்று எண் காட்டுமாம்.

“சார், அதுல நான் ஒரு தடவை ஊதிக் காட்டறேன். உங்களுக்கே புரியும்.”

தலைவர் வாத்சல்யமாகச் சிரித்தார். “அது நம்ம பிரிவோட பெருமை. ஆனா கருவிக்கு மனுஷன் மேல நம்பிக்கை கிடையாது. நாங்க மனுஷனை நம்பறோம். ஒரு தடவை வெளியில எடுத்துப் பார்த்தோம். என்ன பழுதோ தெரியல, ஊதின அத்தனை பேருக்கும் புகைன்னு காட்டிச்சு. எனக்கே காட்டிச்சுன்னா பாத்துக்கங்களேன்.”

“சார், நான் நிஜமாவே…”

“உங்க தன்னடக்கம் எனக்குப் பிடிச்சிருக்கு. விட்டவர்தான் இப்படி, விடலையோன்னு சந்தேகப்படுவார். விடாதவருக்கு அந்தச் சந்தேகமே வராது. உங்களைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்.”

அப்படித்தான் நான் ‘முன்மாதிரி நோயாளி’ ஆனேன். தோளில் குறுக்காக ஒரு பச்சைப் பட்டை. வாரம் ஒரு நாள், புதிதாக வந்தவர்களுக்கு ‘நான் எப்படி விட்டேன்’ என்று கால் மணி நேரம் பேச வேண்டும். மறுத்திருக்கலாம். பட்டை எனக்கு எடுப்பாக இருந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. முதல் நாள், “காலையில எழுந்ததும் தண்ணி குடிப்பேன், வேணாம்னு ஒரு தடவை சொல்லுவேன், அவ்வளவுதான், அன்னைக்கே போயிடுச்சு” என்று சொன்னேன். நானே நம்பும்படி இருந்தது. பேசி முடித்த கையோடு தொண்டை வறண்டு ஜெனரேட்டர் பக்கம் போனேன்.

கூட்டத்தில் ஒரு பஸ் டிரைவர் இருந்தார். நுரையீரல் நோயாளி. நான் சொன்னதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டது அவர் ஒருவர்தான். மூன்று வாரம் கழித்து என்னை நடைவழியில் நிறுத்தினார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“ஆர்ட்டிஸ்ட் சார், உங்ககிட்ட மட்டும் சொல்றேன். தண்ணி குடிக்கிறேன். வேணாம்னு ஒரு தடவை இல்ல, நூறு தடவை சொல்றேன். அரை நாள் தாங்க மாட்டேங்குது. ஆயிரத்து எண்ணூறு பேரால முடிஞ்சுது, என் ஒருத்தனால முடியல. நானெல்லாம் மனுஷனே இல்ல.”

“அப்படியெல்லாம் சொல்லாதீங்க.”

“நாளையிலேருந்து நான் வைத்தியத்துக்கு வரல சார். அந்தப் பச்சையை வச்சுக்கிட்டு டாக்டரம்மா முகத்துல முழிக்க வெக்கமா இருக்கு. வர்றது வரட்டும்.”

நான் என் தோலை மட்டும்தான் கெடுத்துக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். இவர் சீட்டில் எழுதிக்கொண்ட பொய்யைச் சொன்னதும் நான்தான். அவர் கையைப் பிடித்து ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனேன். பட்டையைக் கழற்றவில்லை. அப்படியே ஒன்றைப் பற்ற வைத்தேன். டிரைவர் என்னைப் பார்த்தார், பச்சைப் பட்டையைப் பார்த்தார், அங்கே நின்ற பதினொரு பேரையும் அவர்கள் கோப்புகளையும் பார்த்தார். கணக்கு டீச்சர் கன்னத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, “வாங்க, வாங்க” என்றார்.

டிரைவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முகத்தில் மட்டும் ஒரு நிம்மதி. “நாளைக்கு வருவேன் சார்” என்றார்.

அடுத்த முதல் தேதி வந்தது. அறுவைக்கு ஐந்து வாரம் இருந்தது. போர்டு முன்னால் எல்லாரும் கூடினார்கள். மருந்து ஏற்றியதில் எனக்குத் தலை சுற்றும் என்பதால் மனைவி ஏணியைப் பிடித்துக்கொண்டாள். துணிக்கடையில் அளவு திருத்தும் தையல் வேலை அவளுக்கு. ஏணி பிடிக்கவென்று அரை நாள் லீவு போட்டிருந்தாள். தலைவர் ஒரு சீட்டை நீட்டினார். 1,871. நான் எழுத ஆரம்பிப்பதற்கு முன்பே கைதட்டி முடித்து, படம் எடுத்துக்கொண்டு, எல்லாரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

பழைய எண்ணை நீலத்தால் மூடினேன். நூல் பிடித்துக் கோடு போட்டேன். ஒன்று, எட்டு, ஏழு வரைக்கும் எழுதினேன். கடைசி இலக்கத்தில் தூரிகை நின்றது. எனக்குத் தைரியம் பொங்கி வந்தது என்று சொன்னால் அதுவும் ஒரு பொய்யாகும். டிரைவர் ஆஸ்பத்திரி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். ஒன்றுக்குப் பதிலாகப் பூஜ்யம் போட்டேன். 1,870. இறங்கி, டர்ப்பென்டைனில் கை கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

ஒரு நாளில் கோப்புகளை எண்ணிப் போர்டோடு ஒத்துப் பார்க்கும் எழுத்தருக்கு அந்த மாதம் மூன்று நாள் ஆயிற்று. எத்தனை தடவை எண்ணினாலும் ஒரு பச்சைக் கோப்பு மிஞ்சியது. போர்டு தப்பாது என்பது விதி. நாலாவது நாள் எல்லாச் சுவரிலும் அறிவிப்பு ஒட்டினார்கள். ‘புகையிலையைக் கூடுதலாக விட்ட ஒருவர் நம்மிடையே இருக்கிறார். அவர் யாராக இருந்தாலும் உடனடியாக அலுவலகத்தில் ஆஜராகவும்.’

விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். எழுதும்போது சந்தேகப்படும்படி ஏதாவது கண்ணில் பட்டதா என்று கேட்பதற்காக. தலைவர், எழுத்தர், ஆலோசகர் மூன்று பேரும் மேஜைக்கு அந்தப் பக்கம்.

“நம்மகிட்ட அனுமதி வாங்காம ஒருத்தர் விட்டிருக்கார். இதை இப்படியே விட்டா, நாளைக்கு ஆளாளுக்கு வீட்டுலயே விட ஆரம்பிச்சுடுவாங்க. அப்புறம் பிரிவுன்னு ஒண்ணு எதுக்கு?” என்றார் தலைவர்.

“சார், அந்த ஒண்ணு நான்தான்.”

“நீங்களா? நீங்க முன்மாதிரியாச்சே!”

“முன்மாதிரிதான் சார். காலையில ரெண்டு, மதியம் ஒண்ணு, சாயங்காலம் எத்தனைன்னு எண்ணினதில்ல.”

தலைவர் வாயைத் திறப்பதற்குள் எழுத்தர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். மூன்று நாள் தூக்கம் கெட்டவர். “சார், இதுக்குப் படிவமே வேணாம், சாட்சியும் வேணாம்! இது போர்டோட ஒத்துப் போகாத கோப்பைத் திருத்தறது. விதியில இருக்கு!” சொல்லிக்கொண்டே பச்சையைப் பிய்த்தார். பாதிதான் வந்தது. சிவப்பு ஸ்டிக்கர் இல்லாததால் என் வர்ணப் பெட்டியைத் திறந்து, சிவப்பில் நானே ஒரு பொட்டு வைத்துக் கொடுத்தேன். அது காய்வதற்குள் ஆலோசகர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், நாற்காலி உறையைக் கிழித்து உட்கார வைத்தார்.

அன்று சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன். அவள் ஒரு சட்டையின் கையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பிரிப்பதை நிறுத்தவில்லை.

“தினம் காலையில நான் எழுந்து வரும்போது ஏணி பக்கத்து வீட்டுச் சுவத்துல நிக்குது. அதுக்கென்ன கால் முளைச்சுதா?” என்றாள்.

“தெரிஞ்சா ஏன் கேக்கல?”

“கேட்டா இல்லைன்னுதான் சொல்லுவீங்க. வெட்டப் போற நாக்கு. அதுல இன்னொரு பொய்யும் ஏன்னு இருந்துட்டேன்.” இப்போது பிரிப்பதை நிறுத்தினாள். “அன்னைக்கு அந்த ஆள் கேட்டப்பவே, இல்லீங்க, இவர் வாசல்லதான் நசுக்கிட்டு வர்றார்னு சொல்லியிருக்கணும். எனக்கும் பயமா இருந்துச்சுங்க. விடலைன்னு சொன்னா வைத்தியம் பண்ண மாட்டாங்களோன்னு.”

இருவரும் சேர்ந்து பொய் சொல்லியிருக்கிறோம், ஒருவருக்கொருவர் தெரியாமல். எனக்கு அழுகை வந்தது. அழுதேன். நாக்கு எரிந்தது.

அறுவை மருத்துவரிடம் மறுநாள் சொன்னபோது அவர் திட்டிய திட்டை எந்தப் போர்டிலும் எழுத முடியாது. “இன்னையிலேருந்து நாலு வாரம். அதுக்கு மேல ஒரு நாள்கூடத் தள்ள மாட்டேன், நோய் காத்துக்கிட்டிருக்காது” என்று தேதியைத் தானே வட்டம் போட்டார்.

அந்த நாலு வாரத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. மாத்திரை சாப்பிட்டேன். ஆலோசகர் காலையிலும் மாலையிலும் போன் செய்தார். இரண்டாவது நாள் அவரிடம் கத்தினேன், மூன்றாவது நாள் மன்னிப்புக் கேட்டேன், ஐந்தாவது நாள் திரும்பவும் கத்தினேன். ஆறாவது நாள் ஏணியைத் தூக்கிப் பாதி வழி போய்விட்டுத் திரும்பினேன். வேலைக்குப் போன இடத்தில் வாய் சும்மா இருக்க மாட்டாமல் தூரிகையைக் கவ்விக்கொண்டேன். உதடெல்லாம் நீலமாகி, போர்டு எழுதச் சொன்னவர் டாக்டரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார்.

இதற்குள் விஷயம் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் பரவிவிட்டது. டிரைவர்தான் முதலில் வந்தார். “என்னையும் கழிச்சுடுங்க சார்.” பிறகு கணக்கு டீச்சர், “எனக்கும் ஒண்ணு. புகை இல்லைன்னாலும் கழித்தல் கழித்தல்தான்” என்றார். பிறகு மருந்துக் கம்பியை உருட்டிக்கொண்டு வருகிறவர். அடுத்த முதல் தேதி தலைவர் நீட்டிய சீட்டை நான் பையில் போட்டுக்கொண்டு, 1,839 என்று எழுதினேன். இம்முறை அவர் டீ குடிக்கப் போகவில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். முகத்தில் ஒவ்வொரு நிறமாக வந்து போனது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

“நண்பர்களே! ஒரே மாசத்துல முப்பத்தோரு பேரை நம்ம பிரிவு வெற்றிகரமா கழிச்சிருக்கு. இவ்வளவு வேகமா யாரும் கழிச்சதில்ல. அடுத்த மாசம் நூறு பேரைக் கழிக்கறது நம்ம இலக்கு. அதுக்காகக் கருவியையும் பெட்டியிலேருந்து எடுக்கறோம். அது இப்ப சரியாயிடுச்சு.”

எல்லாரும் கைதட்டினார்கள். ஆலோசகர் அறைக்கு வெளியே வரிசை படிக்கட்டு வரைக்கும் நின்றது. வரிசையின் கடைசியில் ஒருவர் கோப்பால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றார். செருப்பைப் பார்த்தால் தலைவருடையதுபோல் இருந்தது. நான் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யவில்லை.

குறித்த தேதியில் என்னை மேஜையில் படுக்க வைத்தார்கள். கண் விழித்தபோது வாயில் என்னுடைய இடது கை இருந்தது. மூன்றாவது நாள் மருத்துவர் டார்ச் அடித்து உள்ளே பார்த்தார், விரலால் அழுத்தினார், திரும்ப அழுத்தினார். “ரத்தம் ஓடுது. தோல் பிழைச்சுக்கிச்சு” என்றார். மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு முதல் தேதி. கழித்துக் கழித்து 1,640-க்கு இறங்கியிருந்த எண், சீட்டில் 1,645 என்று ஏறியிருந்தது. கருவியில் ஊதி, மூன்று முறை சரிபார்த்து ஏற்றிய ஐந்து பேர். அதில் டிரைவர் ஒருவர். நான் ஒருவன். தன்னுடைய ஒன்று சரியாக ஏறுகிறதா என்று டிரைவரே ஏணிக்குக் கீழே நின்று மேற்பார்வை பார்த்தார். நான் 1,644 என்று எழுதிவிட்டு இறங்கினேன்.

மறுநாளே எழுத்தர் கோப்புக் கட்டோடு என் வீட்டுக்கு வந்துவிட்டார். “திரும்பவும் ஒண்ணு மிஞ்சுதுங்க! யாருன்னு தெரியுமா?”

நான் வாயைத் திறந்தேன். மனைவி முந்திக்கொண்டாள்.

“இவர்தாங்க. அந்த ஒண்ணு அப்படியே குறைஞ்சிருக்கட்டும். அது போர்டுல ஏறிட்டா இவர் ஏணில ஏறிடுவார்.”

எழுத்தர் கோப்புக் கட்டைத் தூக்கிக்கொண்டு, போர்டு தப்பாது என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

கடைசிப் பாக்கெட் இன்னும் வெயில் மறைப்பின் மேல்தான் கிடக்கிறது. மழையில் ஊறிக் காய்ந்து நிறம் போய்விட்டது. ஆனாலும் காலையில் அந்தப் பக்கம் கண் போகத்தான் செய்கிறது. மனைவி எழுந்து வந்ததும் முதலில் ஏணி எங்கே நிற்கிறது என்று பார்ப்பாள். பிறகு, “ஏறினீங்களா?” என்று கேட்பாள். இல்லை என்பேன். அவளுக்குப் புரியாது. திரும்பச் சொல்வேன். இந்தப் புது நாக்கில் எதையும் மூன்று தடவை சொன்னால்தான் ஒருவருக்கு விளங்குகிறது. ஒரு பொய்யை மூன்று தடவை சொல்கிற தெம்பு எனக்கு இன்னும் வரவில்லை.